கட்டையை விடாதே

உங்களிடம் யாராவது என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், கட்டை வேலை என்று சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். 'லாக் பர்னிச்சர்' என்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்குமே என்று உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் கேட்டார். சொல்லிக்கொள்ளலாம். வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்களிடம் நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நம் பட்டறை வாசலில் தொங்கும் பலகையில் 'கட்டைச் சாமான்கள்' என்றுதான் எழுதியிருக்கிறது. அதை மாற்றச் சொல்லி என் சொந்த அக்காவே என்னோடு பேசாமல் இருந்திருக்கிறாள். மாற்றவில்லை. இனியும் மாற்றப்போவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. பட்டறையை விட்டு விலகுவதற்கு முன்னால் அதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும்.

நான் மரத்தொழில் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. வேளாண்மைப் பட்டயம் படித்தவன். உரக் கம்பெனிப் பிரதிநிதியாக மோட்டார் சைக்கிளில் இந்த ஜில்லா முழுக்கச் சுற்றியவன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே எங்களுக்கு இருந்த தென்னந்தோப்பு, சில வருஷங்களுக்கு முன்னால் டெல்டாவையே புரட்டிப்போட்ட அந்தப் புயலில் படுத்தது. தென்னையோடு வேலி பூவரசும், கிணற்றடி வேம்பும், ரோட்டோரப் புளியும் விழுந்தன. ஊர் முழுக்க மரம் கிடந்தது. நடக்க வழியில்லை. விழுந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல், வீட்டுக் கொல்லையில் ஒரு பூவரசுத் துண்டைப் பட்டை உரிக்காமல் அப்படியே குறுக்கே போட்டு, நாலு கால் இறக்கி, ஒரு பெஞ்சு செய்தேன். கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் அதில் உட்கார்ந்தபோது, புயலுக்குப் பிறகு முதல் தடவையாக எனக்கு மூச்சு சீராக வந்தது. அப்படித்தான், அதே கொல்லையில் பட்டறையைத் தொடங்கினேன்.

நம் ஊரில் இந்தச் சாமானுக்கு என்ன தடை என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் சீக்கிரம் தெரிந்துகொள்வீர்கள். வீட்டுக்குள் வருகிற மரம் அறுத்து, சதுரித்து, இழைத்து வர வேண்டும். பட்டையோடு, உருண்டையாக, வெட்டிய வாக்கில் கிடக்கும் மரம் இரண்டு இடத்துக்குத்தான் போகும். ஒன்று அடுப்பு. இன்னொன்று சுடுகாடு. 'கட்டையில போறவனே' என்று திட்டுகிற ஊரில் கட்டையிலே கட்டில் செய்து விற்கிறவனை என்ன சொல்வார்கள்?

ஒரு வீட்டில் சிங்கப்பூர் மகன் ஆசைப்பட்டு, அப்பாவுக்கு என்று ஒரு சாய்வு நாற்காலி செய்யச் சொல்லியிருந்தார். வண்டியிலிருந்து இறக்கியதும் பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"எனக்கு இன்னும் நாள் இருக்கு தம்பி. இப்பவே அடுக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

மகன் போனில் கெஞ்சுகிறார். மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டார். நான் வாதாடவில்லை. நாற்காலியில் நானே உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த டீயை மெதுவாகக் குடித்தேன். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க உக்காரலாம். சின்ன வயசு" என்றார்.

நாற்காலியைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தேன். இப்படிச் சில திரும்பி வரும். வரட்டும். பயத்தோடு வாதம் செய்து ஜெயித்தவன் யாரும் இல்லை. நாம் செய்ததில் நாமே முதலில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் நம்மால் ஆவது.

மரம் அறுப்பதைப் பற்றியும் செதுக்குவதைப் பற்றியும் நான் எழுதப்போவதில்லை. அது கையில் பிடித்தால்தான் வரும். உருட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். நம் வேலையில் ஆளைச் சாகடிக்கக்கூடியது ரம்பம் என்று நினைப்பீர்கள். எனக்கு ரம்பத்தை விட உருட்டும்போதுதான் பயம். பெரிய மரத்துக்கு அடி பருமன், நுனி ஒல்லி. நேராக உருளாது, வளைந்து உருளும். அடியில் நிற்பவர் ஒரு வேகம், நுனியில் நிற்பவர் ஒரு வேகம், நடுவில் நிற்பவர் கையை எடுத்துவிட்டார் என்றால் மரம் யார் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை நடுவில் நின்றவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கக்கூட இல்லை, தொட்டார். அந்தப் புளியங்கட்டை அவர் செருப்பைச் சப்பையாக்கிவிட்டுப் போய் மதில் மேல் மோதி நின்றது. செருப்புக்குள் கால் இல்லாததற்கு அவரே காரணம் சொல்ல முடியாமல் நின்றார்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். ஒருவர்தான் குரல் கொடுப்பார். அவர் மரத்தின் ஒரு முனையில், தலைமாட்டில் நிற்பார். "பிடிச்சாச்சா?" என்று கேட்பார். ஒவ்வொருவரும் தனித்தனியாக "பிடிச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒருவர் பதில் வராவிட்டாலும் மரம் அசையாது. பிறகு "போ" என்பார். "வை" என்று அவர் சொல்லும் வரை இடி விழுந்தாலும் யாரும் கை எடுக்கக் கூடாது. பயந்தால் பயத்தோடு பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வழக்கம் மரத்துக்காக வைத்தது. என் மகளுக்கு அது வேண்டியிருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

யாழினி ஒரத்தநாட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். ஸ்கூட்டரில் போய் வருவாள். போன சம்பா அறுவடை சமயம். உங்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் பாதி ரோடு களம்தான். நெல்லைப் பரப்பி, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். எதிரே அறுப்பு மெஷினை ஏற்றிய லாரி வந்தது. அவள் ஒதுங்கினாள். சக்கரம் நெல்லில் ஏறியது. நெல் மணலை விட மோசம், காலுக்கடியில் உருளும். வண்டி வழுக்கி, அவள் அந்தக் கல் வரிசையில் முதுகு அடிபட விழுந்தாள்.

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. இன்றைக்கும் தெரியாத எண் வந்தால் எனக்கு எடுக்க வரவில்லை. என் மனைவி செல்விதான் எடுக்கிறாள்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் ஆஸ்பத்திரி வராந்தாவுக்கு வந்து, துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏதாவது சொல்லுங்க, திட்டுங்க" என்றார். நான் என்ன சொல்வேன்? என் தகப்பனார் நெல்லும் அதே ரோட்டில்தான் காய்ந்தது.

டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. எனக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றுதான். "வெடிப்பு நீளவாக்குலயா, குறுக்கயா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கட்டை வேலை."

அவர் சிரிக்கவில்லை. பேனா முனையால் காட்டி விளக்கினார். இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பு முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. பின்பக்கச் சுவர் அப்படியே நிற்கிறது. அதற்குப் பின்னால்தான் நரம்பு ஓடுகிறது. அந்தச் சுவர் நின்றதால்தான் கால் பிழைத்தது.

"ஆபரேஷன் வேண்டாம். படுத்தே இருந்தா கூடிடும். ஆனா முதுகு திருகக் கூடாது. ஒரு தடவைகூட. தோள் ஒரு பக்கம் போய் இடுப்பு ஒரு பக்கம் நின்னுச்சுன்னா அந்தச் சுவரும் போயிடலாம். அப்புறம் நான் கால் பத்தி எதுவும் சொல்ல முடியாது."

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் உங்களுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

அங்கே இருந்த நர்சம்மா ஒருவர் எங்களுக்கு அவளைத் திருப்பக் கற்றுக்கொடுத்தார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, அந்த நிலையில் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். மூன்று பேர் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர், காலில் ஒருவர். என் அக்கா கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தாள். அக்கா, செல்வி, நான்.

"உருட்டுக் கட்டைய உருட்டுவாங்கல்ல, அது மாதிரி" என்றார் நர்சம்மா. "தலையிலேர்ந்து கால் வரைக்கும் ஒரே கட்டை. நடுவுல ஒடிய விடக் கூடாது. ஒருத்தர்தான் குரல் குடுக்கணும்."

அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஏம்மா, படிச்ச பொண்ணு, ஆஸ்பத்திரியில நின்னுக்கிட்டு புள்ளையப் போயி..."

"கட்டைன்னா என்னம்மா? நாங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவோம். டாக்டர் விழுந்தாலும் அப்படித்தான் திருப்புவோம்."

படுக்கையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்த யாழினி, வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்பா, உங்க தொழில்தான் இங்கயும்."

அந்த ஆஸ்பத்திரியில் மற்ற எல்லாருக்கும் சொல்லித்தர வேண்டியிருந்ததை எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் தலைமாட்டில் நின்றேன். "பிடிச்சாச்சா?" என்றேன். "பிடிச்சாச்சு" என்றாள் செல்வி. அக்கா அழுதுகொண்டே "பிடிச்சிருக்கேன்டா" என்றாள். நர்சம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "இவரு ஏற்கெனவே செஞ்சிருக்காரு" என்றார்.

வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றதும் கட்டில் பிரச்சினை வந்தது. எங்கள் வீட்டு நாடாக் கட்டில் தொய்யும். இரும்புக் கட்டில் புரண்டால் ஆடும். தட்டையாக, அசையாமல், நின்றுகொண்டே திருப்பும் உயரத்தில் இருக்க வேண்டும் என்றார் டாக்டர். வாடகைக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் கிடைக்கும். அக்கா அதற்கு ஆளிடம் பேசியும் வைத்துவிட்டாள். நான் வேண்டாம் என்றேன். மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. மகள் படுத்துக் கிடக்கும்போது ஒரு தகப்பனுக்குக் கை சும்மா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

பட்டறையில் பாதி முடிந்த கட்டில் ஒன்று இருந்தது. பூவரசு. நிழலில் வெகுநாள் கிடந்து காய்ந்த மரம். நாகூர்ப் பக்கம் ஒரு பாய் தன் தோட்ட வீட்டுக்குச் சொல்லியிருந்தார். அவருக்குப் போன் போட்டு, கட்டில் தாமதமாகும் என்று சொல்லி, காரணத்தையும் சொன்னேன்.

"என்ன கேள்வி அண்ணே இது? புள்ளைக்குப் போடுங்க முதல்ல. எங்களுக்கு மெதுவா வேற செஞ்சு குடுங்க." போனை வைக்கப் போனவர், "வீட்டுல கட்டை அது இதுன்னு ஏதும் சொல்லுவாங்களே?" என்றார்.

"அக்கா சொல்றாங்க பாய்."

"நாங்க மண்ணுக்குப் போறவங்க, எங்களுக்கு மரத்தப் பாத்தா பயமில்ல. அக்காகிட்ட சொல்லுங்க, இது பாய் வீட்டுக் கட்டில், உங்க ஊர்ச் சட்டம் இதுக்குச் செல்லாதுன்னு."

சொன்னேன். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். ஆனால் விடவில்லை. கட்டிலை முன் அறையில் போட்டு, மேலே பலகை பரப்பி, மெத்தை விரித்து முடிக்கும் வரை வாசற்படியிலேயே நின்றாள். "உசுரோட இருக்கற புள்ளைய நீயே கட்டையில கெடத்தறியேடா தம்பி. ஊர்ல யாரும் செய்வாங்களா இத?"

"செய்ய மாட்டாங்க. நான் செய்யறேன்."

"ஒனக்குத் திமிரு."

"ஆமா."

ஆம்புலன்சிலிருந்து இறக்கும்போது யாழினியே பேச்சை முடித்தாள். "அத்த, வயல்லேர்ந்து வந்து சோறு தின்னுட்டு மாமா என்ன சொல்லுவாரு? கட்டையக் கொஞ்சம் சாய்க்கணும்னு சொல்லுவாருல்ல? நானும் சாய்க்கத்தான் போறேன். தள்ளி நில்லுங்க."

இங்கே ஒரு தொழில் விஷயத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. முழு மரம் எவ்வளவு காய்ந்தாலும் எங்கேயாவது ஒரு நாள் வெடிக்கும். உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்காகச் சுருங்குவதால் அப்படி. அதைத் தடுக்க முடியாது. ஆனால் எங்கே வெடிக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம். சட்டத்தின் அடிப்பக்கம், கண்ணில் படாத இடத்தில், ரம்பத்தால் நீளவாக்கில் ஒரு வாய் கீறிவிடுவோம். மரம் வெடிக்க நினைத்தால் அங்கேதான் வெடிக்கும். பாரம் தாங்கும் இடத்தைத் தொடாது. அந்தக் கட்டிலின் இரண்டு பக்கச் சட்டத்திலும் நான் வாய் கீறியிருந்தேன்.

மாசி வெயில் ஏறிவிட்டது. பட்டறை நிழலில் கிடந்த மரம், மின்விசிறி ஓடும் அறைக்குள் வந்துவிட்டது. ஒரு மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, அவளை வலப்பக்கம் திருப்ப நின்றோம். மூன்று பேரும் ஒரே பக்கம். நான் தோளில், அக்கா இடுப்பில், செல்வி காலில்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு."

"பிடிச்சாச்சுடா."

"போ."

பாதி திரும்பியிருந்தாள். அப்போது கட்டிலுக்கு அடியில் வெடி வெடித்தது போல ஒரு சத்தம்.

அக்கா "ஐயோ" என்று கையை உதறினாள். இடுப்பிலிருந்து அவள் விரல்கள் எழுவதைப் பார்த்தேன். தோள் என் கையில் இருக்கிறது. கால் செல்வி கையில் இருக்கிறது. நடுவில் பிடியில்லை. டாக்டர் எதைச் சொன்னாரோ அது என் கண்ணுக்கு முன்னால் நடக்கப்போகிறது. கட்டில் முறிகிறது என்றால் அவளை அப்படியே தூக்கிவிட வேண்டும். கட்டில் முறியவில்லை என்றால் தூக்குவதுதான் அவளைக் கெடுக்கும். எதைச் செய்வது?

காது சொன்னது. பாரத்தில் ஒடிகிற மரம் ஒரே அடியாக வெடிக்காது. முதலில் நார் நாராகக் கிழியும், முனகும், பிறகுதான் ஒடியும். இது ஒரே சத்தம். முன்னாலும் ஒன்றுமில்லை, பின்னாலும் ஒன்றுமில்லை. காலடியில் தரையும் அசையவில்லை, என் முழங்கை ஊன்றியிருந்த பலகையும் தாழவில்லை. கீறின வாயில்தான் வெடித்திருக்கிறது.

இதையெல்லாம் நான் வரிசையாக யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நேரம் போயிருக்கும். வாய்தான் முந்தியது.

"அக்கா! கட்டைய விடாத!"

நான் கத்தியது தெருவுக்குக் கேட்டிருக்கும். அக்காவின் கை, எழுந்த வேகத்திலேயே திரும்ப விழுந்து இடுப்பைப் பிடித்தது. இறுக்கிப் பிடித்தது. "போ... போ..." என்று நான் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். மூவரும் சேர்ந்து திருப்பினோம். முழங்கால்களுக்கு நடுவில் தலையணை போனது. "வை."

வைத்தோம்.

"விரல ஆட்டும்மா."

ஒன்றும் நடக்கவில்லை. அந்த நேரத்தின் நீளத்தை என்னால் எழுத முடியாது. பிறகு அவளுடைய கட்டைவிரல் ஆடியது. அப்புறம் மற்ற விரல்கள். அந்தப் பாதம், அப்புறம் இந்தப் பாதம். செல்வி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் பேசியது யாழினிதான். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அப்பா. என்னையக் கட்டைன்னுட்டீங்க."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "பெத்த புள்ளையப் பாத்து என்ன வார்த்தைடா சொன்ன..."

"அத்த, அழாதீங்க. அழுதா எனக்குச் சிரிப்பு வருது, சிரிச்சா முதுகு வலிக்குது. அப்பா மட்டும் யாழினிய விடாதன்னு கத்தியிருந்தா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க? தலையில அடிச்சுக்கிட்டு அழுதிருப்பீங்க. கட்டைன்னாரு, புடிச்சீங்க."

அக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து போய்ப் பார்த்தேன். கீறியிருந்த வாய் திறந்திருந்தது, நகம் நுழையும் அளவுக்கு. வேறு எங்கும் ஒரு கோடுகூட இல்லை. அங்கேயே குப்புறப் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். வெளியே வந்தால் என் முகத்தை அவர்கள் பார்ப்பார்கள்.

வெடித்த கட்டில் வீட்டில் இருக்கக் கூடாது என்று அன்று சாயங்காலமே பேச்சு எழுந்தது. சொந்தக்காரர்கள் போன் செய்தார்கள். ஒருவர் ஜோசியரைக் கேட்டுவிட்டே போன் செய்தார். தூக்கிப் போட்டுக் கொளுத்து என்றார்கள். நான் எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னேன்: நேரில் வாங்க, கட்டிலுக்கு அடியில் படுத்து வெடிப்பைப் பாருங்க, அப்புறம் பேசுவோம். யாரும் வரவில்லை. கட்டில் இருந்தது. எலும்பு கூடும் வரை அவள் அதிலேதான் கிடந்தாள். அக்காவும் கடைசி வரை இடுப்பில் நின்றாள். அதற்குப் பிறகு வந்த எந்தத் திருப்பத்திலும் அவள் பதில் எனக்கு முன்னாலேயே வந்துவிடும்: "பிடிச்சாச்சு, பிடிச்சாச்சு, நீ சொல்லு."

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்வது பெரிய தத்துவம் எதுவும் இல்லை. நெருக்கடியில் எந்தச் சொல் கையை வேலை செய்ய வைக்கிறதோ அதுதான் நல்ல சொல். அது மங்கலமா, அமங்கலமா என்பதை ஓய்வாக இருக்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும். பலகையை மாற்றச் சொல்லி இனி உங்களிடமும் வருவார்கள். மாற்றாதீர்கள்.

இன்னொன்று. நான் ஏன் விலகுகிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை, மரியாதைக்காக. நானே சொல்கிறேன். அவள் எழுந்து, முதுகுப் பட்டை கட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் மெஷின் ரம்பத்தைக் கையில் எடுத்தேன். கை நடுங்கியது. வயதாகி வருகிற நடுக்கம் இல்லை. அந்தப் போன் வந்த நாளிலிருந்து இருக்கிறது. அவளைத் திருப்பிய நாட்களில் மட்டும் காணாமல் போயிருந்தது. அவள் நடந்ததும் திரும்ப வந்துவிட்டது. நடுங்கும் கையில் ரம்பம் கூடாது. உங்களில் யாருக்காவது அப்படி ஒரு நாள் வந்தால், வெட்கப்படாமல் கீழே வைத்துவிடுங்கள். நான் வைத்துவிட்டேன்.

குரல் மட்டும் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு மாங்கட்டையை உருட்டும்போது கொடுத்தும் பார்த்தேன். கொல்லை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யாழினி அப்புறமாக என்னிடம் வந்தாள்.

"அப்பா, நீங்க போன்னு சொல்றது போகாதன்னு கேக்குது. எல்லாரும் உங்க மூஞ்சியப் பாத்து பயந்து நிக்கறாங்க. நான் குரல் குடுக்கறேன்."

செல்வி அடுப்படியிலிருந்து கத்தினாள். "முதுகு உடைஞ்சு எழுந்த பொண்ணுக்கு மரத்தோட என்ன வேலை? ஏங்க, கேட்டுக்கிட்டு நிக்கறீங்களே, சொல்லுங்க!"

"நான் தூக்கப் போறதில்லம்மா. தொடக்கூட மாட்டேன். டாக்டர் ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்புல உக்காரக் கூடாதுங்கறாரு, நிக்கலாம்கறாரு. ஆடிட்டர் ஆபீஸ்ல நின்னுக்கிட்டா கணக்குப் போடுவாங்க? இங்க நிக்கறேன்." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உருட்டினா எப்படி இருக்கும்னு உருளறவங்களுக்குத்தான் தெரியும். இந்தப் பட்டறையில உருண்டவ நான் ஒருத்திதான்."

என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. சரி என்றும் உடனே சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் எதிலும் மனம் நிற்காமல் சுற்றிவந்தேன். உருளும் மரத்துக்கு எதிரே அவள் நிற்பது கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தது. பயம் போகவில்லை. போகாது என்பதும் தெரிந்துவிட்டது. அக்காவிடம் பேசினேன். "அவளப் புடிச்சு வெச்சிருந்தது போதும் தம்பி, 'வை'ன்னு சொல்லிட்டல்ல? கையெடு" என்றாள்.

ஆகவே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை பட்டுக்கோட்டையிலிருந்து ஒரு புளியமரம் வருகிறது. பெரிய அடிமரம். லாரியிலிருந்து பட்டறை வரை நீங்கள்தான் உருட்ட வேண்டும். தலைமாட்டில் யாழினி நிற்பாள். உங்களில் பலரை விட வயதில் சின்னவள். சுடிதாருக்குள் முதுகுப் பட்டை தெரியும். அதைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. அவள் கேட்டால் ஒவ்வொருவரும் வாயைத் திறந்து பதில் சொல்லுங்கள். அவள் சொல்வதற்கு முன்னால் அசைக்காதீர்கள். சொன்ன பிறகு விடாதீர்கள்.

நான் வீட்டுக்குள் இருப்பேன். கொல்லைப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். திறந்திருந்தால் கத்திவிடுவேன். இரண்டு குரல் கேட்டால் மரம் எந்தக் குரலுக்குப் போகும்? ஒரு குரல்தான் இருக்க வேண்டும். அது அவளுடையது.